அடுத்த மாதம் என்று யார் சொல்வது?

கேள்வி: நண்பர்கள் இருவருடன் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிறேன். எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் அலுவலகம். எந்த மாதம் எந்த வசதி வரும் என்று ஒரு வருடத்துக்கு ரோட்மேப் போட்டு சுவரில் ஒட்டினேன். மூன்றாம் மாதமே அது குழம்பிவிட்டது. ஒவ்வொரு ஆலைக்காரரும் ஒவ்வொன்று கேட்கிறார். காசு போட்ட கனடா மாமா, மொபைல் ஆப் எங்கே என்கிறார். மென்பொருளைச் சிறிது சிறிதாகச் செய்து திருத்திக்கொண்டே போகிற அஜைல் முறை என்றால் திட்டம் மாறத்தானே செய்யும் என்கிறார்கள் நண்பர்கள். வருகிற கோல்களை வீட்டில் சும்மா இருக்கிற தங்கச்சி பார்த்துக்கொள்கிறாள். யார் எது கேட்டாலும் அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். ரோட்மேப்பைக் குலையாமல் வைத்திருப்பது எப்படி?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, மாமாவுக்கு ஒரு வரி, நண்பர்களுக்கு ஒரு வரி, அப்படியே தங்கச்சிக்கும் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டப் போவதில்லை.

காலையில் ஒரு ஆலைக்காரர் எடுக்கிறார் என்று வையுங்கள். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே இருந்த நெல்லுக்கு நிறையில் கழிவு போட்டிருக்கிறார். பில்லில் கழிவு தனியாக விழவில்லை. மொத்த நிறையை மட்டும் பார்த்த விவசாயி, என்னை ஏமாற்றுகிறாயா என்று தராசடியில் நின்று சத்தம் போடுகிறார். உங்கள் தங்கச்சி, "அடுத்த மாதம் வந்திடும் ஐயா" என்கிறாள். அடுத்த மாதம் அதே மனிதர் மறுபடி எடுக்கிறார். இந்த முறை ஏச்சு. பொய் உங்களுடையது, வாய் அவளுடையது. நாளைக்குச் சந்தையில் அந்த மனிதரின் முகத்தில் முழிக்கப்போவதும் அவள்தான்.

இதில் "சும்மா இருக்கிற" வேறு! பகல் முழுக்க அடுத்தவர் ஏச்சை வாங்குகிறவள் சும்மாவா இருக்கிறாள்? சம்பளம் கொடுப்பதாக நீங்கள் எழுதவில்லை, கொடுத்திருந்தால் எழுதியிருப்பீர்கள். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். நாளைக்கு அவளுடையதாகப் போகிற விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் பெயரையே கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தங்கச்சியின் சீதனத்துக்கு அண்ணன்மார் உழைத்ததெல்லாம் பழைய கதை என்று நீங்கள் சிரிக்கலாம். சரி, அதை விடுங்கள். அவளைப் பொய்க்காரி ஆக்காமல் இருப்பதாவது அண்ணனின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

ரோட்மேப்பைக் கேட்டால் குடும்பக் கதை பேசுகிறாளே என்று கோபம் வரும். நான் ரோட்மேப்பைத்தான் பேசுகிறேன். சுவரில் இருப்பது உங்கள் ஆசை. கோலில் கொடுத்த ஒவ்வொரு வாக்கும்தான் ஆலைக்காரர்களின் கையில் இருக்கிற ரோட்மேப். அதில் என்ன இருக்கிறது என்று இந்த வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளிடம் நீங்கள் கேட்டதே இல்லை.

நண்பர்களின் அஜைலுக்கும் ஒரு வார்த்தை. 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது மேல் என்று அதில் இருப்பது உண்மை. அதே அறிக்கையில், திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்றும் எழுதித்தான் முடித்தார்கள். வசதியான பாதியை மட்டும் வாசிப்பது நல்ல பழக்கம் இல்லை.

சிறுபோகத்துக்கு முன்னால் உன்னிச்சைக் குளத்துக்கும் நவகிரிக் குளத்துக்கும் ஆரம்பக் கூட்டம் வைப்பார்களே, அதைப் பார்த்திருப்பீர்கள். குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவு. விதைப்புக்குக் கடைசித் திகதி எது, எத்தனை மாத நெல், மாடுகளை எப்போது வட்டையை, அதாவது வயல்வெளியை, விட்டு அகற்றுவது, எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். வட்டை விதானை இல்லாமல் அந்தக் கூட்டம் நடக்குமா? வாய்க்கால் கட்டில் நின்று விவசாயிக்குப் பதில் சொல்கிறவர் அவர். நீங்களோ உங்கள் விதானையைக் குசினிக்கு அனுப்பிவிட்டு மூன்று பேராகக் கூட்டம் போடுகிறீர்கள், குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்றும் பார்க்காமல்.

இந்தக் கிழமையே தங்கச்சியை மேசையில் இருத்துங்கள். ஒரு கொப்பியில் அவள் எழுதட்டும்: எந்த ஆலை, எந்த வேலை தடைப்பட்டது, இப்போதைக்கு எப்படிச் சமாளிக்கிறார்கள். அவர்கள் கேட்கிற பட்டனை எழுத வேண்டாம், தடைப்பட்ட வேலையை எழுத வேண்டும். ஆறு ஆலைக்காரர் ஆறு விதமாகக் கேட்பது, கழிவு போட்டது விவசாயிக்கு விளங்கவில்லை என்கிற ஒரே கரைச்சலாக இருக்கக்கூடும். அப்புறம் சுவரில் இருப்பதைக் கிழித்துவிட்டு, இப்போது, அடுத்து, பிறகு என்று மூன்று பத்தி போடுங்கள். மூன்று பேரால் முடிக்கக்கூடியது மட்டும் முதல் பத்தியில். திகதி போடுவதும் அங்கே மட்டும். இரண்டாவதில் எது முந்தி என்ற வரிசை இருந்தால் போதும். மூன்றாவதில் வாக்குறுதியே கிடையாது. முதல் பத்திக்குள் ஒன்று புதிதாக வந்தால், அங்கிருந்து ஒன்று வெளியே போக வேண்டும். மாதம் ஒருமுறை நாலு பேரும் இருந்து திருத்துங்கள். இடையில் மாற்றுவதென்றால் பில்லில் காசு பிழைத்தால் மட்டும்.

பெரும்போக அறுவடையில், தை கடைசியிலிருந்து பங்குனி வரை, அப்டேட் எதுவும் அனுப்பாதீர்கள். ஆலை வாசலில் நெல் லொறிகள் வரிசையில் நிற்கும்போது திரையில் ஒரு பட்டன் இடம் மாறினாலே போதும், உங்கள் மென்பொருளை மூடிவிட்டுப் பழைய கணக்குக் கொப்பியை எடுத்துவிடுவார்கள். அப்டேட் சோலிகளை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள்.

வாக்குக் கொடுத்து நிறைவேற்றாத ஆலைக்காரர்களின் பட்டியலைத் தங்கச்சியிடம் வாங்கி, ஒவ்வொருவருக்கும் நீங்களே பேசுங்கள். அவள் சொன்னது பிழையில்லை, நான்தான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவளுக்கு இந்த மாதத்திலிருந்தே சம்பளம்.

மாமாவின் மொபைல் ஆப் மூன்றாவது பத்தியில் இருக்கட்டும். காசு போட்டவர் கேட்கலாம், வரிசையை மாற்ற முடியாது. அந்தக் கோலைத் தங்கச்சியின் தலையில் கட்டாமல், கனடாவில் விடியும் நேரம் பார்த்து நீங்களே எடுங்கள்.