மகன் கொடுத்த வங்கிக் கணக்கும் வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸும்

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "ஆன்லைன் கேமில் ஜெயித்த பணம் வரணும், என் கணக்கில் லிமிட் முடிஞ்சிடுச்சு" என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பி, புதுக் கணக்கு தொடங்கி பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். அதற்கு 5,000 ரூபாயும் வாங்கியிருக்கிறான். இப்போது கணக்கு முடங்கிவிட்டது. மோசடிப் பணம் 4 லட்சம் அதில் வந்ததாக, தெலங்கானா போலீஸ் பெயரில் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருக்கிறது. சீனியரோடு பேசிய சாட் மெசேஜ்களை அழித்துவிட்டு, நம்பரை மாற்றிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உறவினர்கள் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள், அம்மா. உங்கள் மகனைக் காப்பாற்றக்கூடியதே அந்த சாட்தான். கேம் பணம் என்று சீனியர் சொன்னது அதில்தானே இருக்கிறது? அழித்தால் சாட்சியத்தை அழித்த குற்றமும் சேரும்.

முதலில் நோட்டீஸ் உண்மைதானா என்று பாருங்கள். கணக்கை முடக்கச் சொன்னது எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன என்று வங்கிக் கிளையில் எழுதிக் கேளுங்கள். அது நோட்டீஸில் உள்ளதோடு பொருந்த வேண்டும். வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், அது மோசடி. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வாட்ஸ்அப்பில் இப்படி நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வழக்கு உண்மையென்றால் முறையான நோட்டீஸ் வீட்டுக்கே வரும். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-ன்படி நோட்டீஸை ஏற்று ஆஜராகி ஒத்துழைப்பவரை, காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

வழக்கு ஏமாற்றுக் குற்றமாக, பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 318(4)-ன் கீழ் வரலாம். அதற்கு 7 ஆண்டு வரை தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யும் சேரலாம்; அதற்கு 3 ஆண்டு வரை. மோசடி என்று தெரிந்தே கொடுத்தானா என்பதுதான் கேள்வி. நம்மைக் கடிக்கப்போவது அந்த 5,000 ரூபாய். "சும்மா ஒரு கணக்கைக் கொடுத்ததற்கு எதற்குப் பணம்?" என்று அரசு வக்கீல் கண்டிப்பாகக் கேட்பார். மறைக்க வேண்டாம். எப்படி வந்தது, எப்போது வந்தது என்பதை உங்கள் வக்கீலிடம் மகன் ஒளிக்காமல் சொல்லட்டும்.

இன்றே கார்டை பிளாக் செய்யுங்கள், அடையாள அட்டையோடு போய் சிம்மையும் நிறுத்துங்கள். அப்புறம் சீனியர் மீது மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "நோட்டீஸ் வந்த பிறகுதானே புகார் கொடுத்தாய்?" என்பார்கள். பரவாயில்லை, தாமதமான புகாரும் புகார்தான்.

எஃப்.ஐ.ஆர். போடப்பட்டிருந்தால் முன்ஜாமீனுக்கு உடனே தெலங்கானா ஓட வேண்டியதில்லை. வேறு மாநில வழக்காக இருந்தாலும், இங்குள்ள செஷன்ஸ் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோ குறுகிய காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு தரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அவகாசத்துக்குள் அங்குள்ள நீதிமன்றத்தை அணுகிவிட வேண்டும்.

"பணத்தைக் கட்டிவிட்டால் கேஸ் முடிஞ்சிடும்" என்று இடையில் யாராவது வரலாம். யாருடைய ஜிபே நம்பருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் இழந்தவரோடு சமாதானம் என்றால் அது வக்கீல் வழியாக, நீதிமன்றத்தின் முன் நடக்கட்டும். முடங்கிய கணக்கில் மீதியிருக்கும் பணத்தையும் கேட்காதீர்கள், அது பணம் இழந்தவர்களுடையது. மகனின் ஸ்காலர்ஷிப் வரும் வேறு கணக்கும் சேர்ந்து முடங்கியிருந்தால், அதை மட்டும் விடுவிக்கக் கேட்டு அந்த வழக்கின் மாஜிஸ்திரேட் முன் தனி மனு போடலாம்.