“செத்துத் தொலை” என்று சொன்னவருக்கு அந்தச் சாவில் எவ்வளவு பங்கு?

கேள்வி: ஒருவர் கோபத்திலோ வன்மத்திலோ “நீ செத்தால் நல்லது” என்கிறார். கேட்டவர் உண்மையிலேயே தற்கொலை செய்துகொள்கிறார். சொன்னவர் சட்டப்படி குற்றவாளியா? சட்டம் விட்டுவிட்டால் அறத்தின் முன்னும் அவர் தப்பித்துவிட்டாரா?

பதில்:

“கோபத்திலோ வன்மத்திலோ” என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். வழக்கே அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நடக்கிறது. வாய் தவறி விழுந்த சொல்லையும், சாக வேண்டும் என்றே சொன்ன சொல்லையும் சட்டம் வெவ்வேறு தட்டில் வைக்கிறது. எப்படி வைக்கிறது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு.

இந்தியாவில் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான்: தற்கொலைக்கு உடந்தையாக இருந்தால் 10 ஆண்டு வரை சிறை, அபராதம். இறந்தவர் குழந்தையாகவோ, மனநிலை பாதிக்கப்பட்டவராகவோ, போதையில் இருந்தவராகவோ இருந்தால் 107ஆம் பிரிவு. அதில் ஆயுள் தண்டனைக்கும் மரண தண்டனைக்கும்கூட இடமுண்டு. உடந்தை என்றால் என்ன என்பதை 45ஆம் பிரிவு சொல்கிறது: தூண்டுவது, கூட்டுச்சதி செய்வது, வேண்டுமென்றே உதவுவது. உங்கள் கேள்வி முதலாவதைப் பற்றியது.

“தூண்டுதல்” என்ற சொல்லை உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. 2001இல் ரமேஷ் குமார் வழக்கு: சண்டையின்போது கணவர் மனைவியிடம் “உன் இஷ்டப்படி என்ன வேண்டுமானாலும் செய், எங்கே வேண்டுமானாலும் போ” என்ற பொருளில் பேசியிருந்தார். விளைவை நினைக்காமல் ஆத்திரத்தில் வந்த சொல் தூண்டுதல் ஆகாது என்றது நீதிமன்றம். 306 போனது. ஆனால் அதே ஆளுக்கு, மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான 498ஏ நின்றது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. தற்கொலைத் தூண்டல் நிற்கவில்லை என்றால் அந்த ஆள் ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. 2002இல் சஞ்சு என்கிற சஞ்சய் சிங் செங்கர் வழக்கில் சொன்ன சொல்லே “போய்ச் சாவு” என்பதுதான். சண்டை நடந்து இரண்டு நாள் கழித்துச் சாவு. வாக்குவாதத்தின் நடுவே வந்த அந்தச் சொல்லில் குற்ற மனம் இல்லை, சாவுக்கும் அதற்கும் நெருக்கமும் இல்லை என்று வழக்கையே ரத்து செய்தார்கள்.

ஆக நீதிமன்றம் கேட்பது இரண்டு: சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னாயா, சொன்னதற்கும் செத்ததற்கும் நேரடியான, அருகாமையான தொடர்பு உண்டா. ஒரு நாள் திட்டியது பெரும்பாலும் போதாது. மாதக்கணக்கில் நெருக்கி, வெளியே போகும் வழியை எல்லாம் அடைத்து, வேறு போக்கே இல்லை என்ற நிலைக்குத் தள்ளியிருந்தால் கதை வேறு. திருமணமான பெண், மணமாகி 7 ஆண்டுக்குள் இறந்து, கணவர் அல்லது அவர் உறவினரின் கொடுமையும் நிரூபணமானால், தூண்டல் நடந்ததாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் தனியாகச் சொல்கிறது. “கொள்ளலாம்”தான், “கொள்ள வேண்டும்” இல்லை.

கடிதத்தில் பெயர் எழுதி வைத்திருந்தால்? அது விசாரணைக்கு வாசல், அவ்வளவுதான். பெயர் இருப்பது மட்டுமே தூண்டலுக்குச் சான்று ஆகாது. கடனைத் திருப்பிக் கேட்டது, வேலையில் கண்டித்தது, காதலை முறித்துக்கொண்டது எல்லாம் இன்னொருவருக்கு உலகமே இடிந்ததுபோல இருக்கலாம். ஆனால் அவை வாழ்க்கையின் வழக்கமான காரியங்கள். குடும்பத்தின் துயரத்தைத் தணிப்பதற்காக இந்தப் பிரிவை இயந்திரத்தனமாகப் போடக் கூடாது என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிரான பாதையில் போகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதே கையோடு, பிறர் தற்கொலையில் பங்கெடுப்பதை 14 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றமாக வைத்துக்கொண்டது. 2009இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நிரூபிக்க வேண்டியவை இரண்டே: செய்த செயல் தற்கொலையை ஊக்குவிக்கவோ அதற்கு உதவவோ கூடியதா, அந்த நோக்கத்தோடுதான் செய்யப்பட்டதா. யாரும் சாகத் தேவையில்லை, முயலவும் தேவையில்லை. சொன்னவருக்குக் கேட்டவர் யாரென்றே தெரியாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். இந்தியாவில் 108 பாய வேண்டுமென்றால் தற்கொலை நடந்திருக்க வேண்டும். ஒரே சொல்லை ஒரே வன்மத்தோடு இருவரிடம் சொல்கிறான் ஒருவன். ஒருவர் இறக்கிறார், மற்றவர் நண்பர் ஒருவர் தற்செயலாகக் கூப்பிட்டதால் பிழைக்கிறார். இந்தியச் சட்டத்தில் அவனுடைய தலைவிதியை அந்தத் தொலைபேசி அழைப்பு தீர்மானிக்கிறது, இங்கிலாந்தில் இல்லை. அறம் என்று பார்த்தால் இங்கிலாந்து பக்கம்தான் நியாயம் அதிகம் என்பேன். சொன்னவனின் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே?

பிறகு ஏன் எல்லா நாடும் அப்படிச் செய்யவில்லை? காரணம் ஒரு பழைய சட்டக் கொள்கை. சுயபுத்தியோடு ஒருவர் தானே எடுத்த முடிவு, அதற்கு முன்னால் இருந்தவர்களின் காரண–காரியச் சங்கிலியை அறுத்துவிடும். ஜெர்மனி இதைக் கடைசிவரை கொண்டுபோகிறது: தற்கொலை குற்றமில்லை, ஆகவே அதில் பங்கெடுப்பதும் பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் அந்த முடிவு சுயபுத்தியுடையது இல்லை என்றால் நிலைமை தலைகீழ். தான் சிரியஸ் நட்சத்திரத்திலிருந்து வந்தவன், இந்த உடலை விட்டால் வேறு உடலில் வாழ்வாய் என்று ஒரு பெண்ணை நம்பவைத்துத் தன்னுயிரை மாய்க்கத் தூண்டியவனுக்கு, அவள் பிழைத்துக்கொண்டபோதும், கொலை முயற்சித் தண்டனையை 1983இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. அவள் கை அவனுடைய கருவியாகிவிட்டது. சிறுவர், கடும் மனநோயில் இருப்பவர், ஏமாற்றப்பட்டவர் விஷயத்தில் “அவராக எடுத்த முடிவு” என்ற வாதம் பல நாட்டுச் சட்டங்களில் செல்லாமல் போவது இதனால்தான். சுவிட்சர்லாந்து வேறொரு கோடு போடுகிறது: சுயநல நோக்கத்தோடு தூண்டினால் அல்லது உதவினால் மட்டும் 5 ஆண்டு வரை சிறை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வழக்கு இதில் அதிகம் பேசப்பட்டது. 17 வயதுப் பெண், 18 வயது நண்பனைக் குறுஞ்செய்திகளால் சாவை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தாள். 2014இல் அவன் இறந்தான். 2017இல் தனி நீதிபதி அவளைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றவாளி என்றார். தீர்ப்பின் ஆணிவேர் அந்தக் குறுஞ்செய்திக் குவியலில் இல்லை. முயற்சியின் நடுவே அவன் பயந்து வெளியே வந்துவிட்டான். அவள் தொலைபேசியில் திரும்பப் போகச் சொன்னாள். பிறகு யாருக்கும் தகவலும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது சங்கிலியை அவனே அறுத்துவிட்டான், அதை மறுபடி கோத்தது அவள் என்பதுதான் நீதிபதி கண்ட வழி. 2019இல் மாநில உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. அந்த மாநிலத்தில் அப்போது தற்கொலைக்குத் தூண்டுவதற்கென்று தனிச் சட்டமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மினசோட்டாவில் வேறு முடிவு. தானும் சாகப்போகும் இளம்பெண் என்று பொய் சொல்லி, இணையத்தில் நொந்துபோனவர்களைத் தேடிப்பிடித்துத் தற்கொலை ஒப்பந்தம் போட்ட ஓர் ஆண். அவனுக்கு எதிராகப் பயன்பட்ட சட்டத்தில் “அறிவுரை கூறுதல்”, “ஊக்குவித்தல்” என்ற சொற்களைப் பேச்சுரிமைக்கு முரண் என்று 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கியது. “உதவுதல்” மட்டும் நின்றது. படிக்க எரிச்சலாக இருக்கும். ஆனால் நீதிபதிகளின் கவலை புரியாமல் இல்லை. “ஊக்குவித்தல்” என்ற வலையை அகலமாக வீசினால், தீராத நோயாளியோடு சாவைப் பற்றி மனம்விட்டுப் பேசும் மகளும் அதில் சிக்குவாள்.

கனடாவின் தீர்வு எனக்கு இவற்றில் எல்லாம் தெளிவானதாகப் படுகிறது. 2016இல் மருத்துவ உதவியோடு இறப்பதை நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். உதவி செய்யும் மருத்துவருக்கு விலக்கு. சாகும்படி ஆலோசனை சொல்வதற்கு அந்த விலக்கு இல்லை, அது 14 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றமாகவே தொடர்கிறது. நிபந்தனைக்கு உட்பட்டு மருத்துவர் கையால் செய்யும் உதவிக்கு மன்னிப்பு உண்டு, வாயால் தள்ளுவதற்கு இல்லை. எண்ணம் அந்த ஆளிடமிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பது கணக்கு.

இனி அறம். சட்டம் குறுகலாக இருப்பது வேண்டுமென்றேதான். சிறையில் அடைக்கும் அதிகாரம் சந்தேகத்தின் மேல் நிற்க முடியாது. அதனால் சட்டத்தில் விடுதலை என்பது நற்சான்றிதழ் ஆகிவிடாது. பொறுப்பை எடைபோட நான் பார்ப்பது மூன்று. முதலில், எதிரில் இருப்பவரின் நிலை சொன்னவருக்குத் தெரியுமா. முன்பு முயன்றவர், மருந்து சாப்பிடுபவர், நேற்று இரவு அழுதவர் என்று தெரிந்தும் சொன்ன சொல், தெரியாமல் சொன்ன அதே சொல்லைவிடப் பலமடங்கு கனம். அடுத்து, அவர் மனதில் சொன்னவருக்கு இருந்த இடம். முகம் தெரியாதவன் சொல்வதும், அவர் நம்பும் ஒரே ஆள் சொல்வதும் ஒன்றில்லை. மூன்றாவது, என் பார்வையில் மிகக் கனமானது: அவர் தயங்கியபோது சொன்னவர் என்ன செய்தார். சாக நினைப்பவரின் மனம் பெரும்பாலும் கடைசிவரை இரண்டாகப் பிளந்தே இருக்கும். ஒரு பாதி பிடிமானம் தேடிக்கொண்டிருக்கும். அந்தப் பாதியின் கையைத் தட்டிவிடுவதும், அது நீண்டபோது பார்க்காத மாதிரி இருப்பதும்தான் இந்த விஷயத்தின் மையக் குற்றம். மாசசூசெட்ஸ் நீதிபதியும் அங்கேதான் விரல் வைத்தார்.

இதன் மறுபக்கமும் உண்டு. “நீ விட்டுப்போனால் செத்துவிடுவேன்” என்று ஒருவர் மிரட்டுகிறார். விட்டுப்போவது தூண்டல் ஆகாது, சட்டத்திலும் சரி, அறத்திலும் சரி. தவறு நடப்பது பதிலில். சலிப்பில் “சரி, செய்துக்கோ” என்று தட்டிவிடுவார்கள்; அல்லது பயந்து உறவுக்குத் திரும்புவார்கள்; அல்லது எண்ணை முடக்கிவிட்டு மௌனமாவார்கள். மூன்றும் வேண்டாம். “என் முடிவில் மாற்றமில்லை. ஆனால் நீ சொன்னதை நான் நம்புகிறேன், உன் அண்ணனுக்கு இப்போதே சொல்கிறேன்” என்று எழுதி, சொன்னபடி அவர் வீட்டாருக்கோ உடனிருப்பவருக்கோ தகவல் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண்ணைக் கூப்பிட்டு இருக்குமிடத்தைச் சொல்லுங்கள். முடக்குவதானால் அதற்குப் பிறகு முடக்குங்கள். “தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

சாவு நடந்துவிட்ட குடும்பங்களுக்கு. ஆத்திரத்தில் பத்துப் பேர் பெயரைப் புகாரில் எழுதாதீர்கள். ஒன்பது பேர் மீது ஒன்றுமில்லை என்று ஆகும்போது, உண்மையில் தள்ளிய பத்தாமவரின் மீதான புகாரும் பலமிழக்கும். யார், என்ன சொல்லால், எந்தத் தேதியில், எத்தனை முறை என்று எழுதுங்கள். “மனஉளைச்சல் கொடுத்தார்” என்ற பொதுவான வரி நீதிமன்றத்தில் நிற்காது. இறந்தவரின் அலைபேசியை யாரும் துழாவ வேண்டாம். தானாக மறையும் செய்திகள் இருந்தால் காலதாமதமே சான்றை அழித்துவிடும். சீக்கிரம் போலீசில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நான்கு வரியை மட்டும் வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் லாபம். முன்னும் பின்னும் உள்ள முழு உரையாடல் வேண்டும். இந்தியாவில் மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: கருவியைக் கையாள்பவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது ஒன்று, ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) குறிக்கப்பட வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல சான்றுகூட வாசலிலேயே நின்றுவிடும்.

“சொன்னது நான்தான்” என்ற நிலையில் இதைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். “நான் சொன்னது தப்பு, நீ இருக்க வேண்டும்” என்று சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் அருகில் இருப்பவரை அனுப்புங்கள். அவர் இறந்துவிட்டார் என்றால் எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள், அழிப்பது தனிக் குற்றமாகலாம். சமூக ஊடகத்தில் விளக்கம் எழுதாமல் முதலில் வக்கீலைப் பாருங்கள். அந்தக் குற்றவுணர்வோடு தனியாக இருக்காதீர்கள். தற்கொலையால் ஒருவரை இழந்தவர்களுக்கும் அதே ஆபத்து கூடுதலாக உண்டு. பேச எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988.