மலையில் பிறந்தவனுக்கு மூச்சு வாங்கினால்

அன்புள்ள அண்ணா,

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். எட்டு வருடமாக மஸ்கட்டில் வேலை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஓமானில் உள்ள ஜெபல் ஷம்ஸ் மலை ஏறப் போனோம். விடிய நாலு மணிக்கு வாகனத்தில் புறப்பட்டு, ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு லீட்டர் தண்ணீர். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது எனக்குத் தலையிடி, குமட்டல். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு நான் தனியாக இறங்கிவிட்டேன். "தேயிலை மலையில பிறந்தவனுக்கா இப்படி" என்று இன்னும் கேலி செய்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

மலையில் பிறந்தோம், சரி. எவ்வளவு உயரத்தில் பிறந்தோம்? ஹட்டன் டவுன் 1,270 மீட்டர் சொச்சம். சிவனொளிபாதமலை உச்சியே 2,243தான். உயரம் உடம்பைப் படுத்தத் தொடங்குவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே என்பார்கள். இலங்கையில் அந்தக் கோட்டைத் தாண்டுகிற ஒரே மலை பிதுருதலாகல, அதுவும் 24 மீட்டரால். ஜெபல் ஷம்ஸ் ஏறக்குறைய 3,000. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். காலையில் கடற்கரையில் கிளம்பி மத்தியானம் அங்கே போய் நின்றால் தலை இடிக்காமல் என்ன செய்யும்? ஊரில் நடந்த கால், எட்டு வருடம் ஏசி அறையில் இருந்த பிறகு அதே காலாகவும் இருக்காது.

ஆனாலும் உங்களை மடக்கியது உயரத்தைவிடத் தண்ணீர் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் பக்கம் வியர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டும், உடனே தெரிந்துவிடும். அந்த வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், நமக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் போத்தலை மூடிவிடுவோம். வெறும் கல்பாதை, மேலே போனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சூரைச் செடி போல முறுகிய ஜூனிப்பர் மரங்கள், ஓடை கிடையாது. இரண்டு லீட்டர் போதவே போதாது, நாலைந்தாவது வேண்டும். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரம் படிக்கு மேல் ஏறுகிறோம்தான், ஆனால் யாத்திரை சீசனில் கைப்பிடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மூச்சு வாங்கினால் உட்கார ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, முன்பின் தெரியாத ஒரு ஆச்சி தோடம்பழத்தை உரித்துக் கையில் வைத்துவிட்டுப் போகும். பாதித் தூரம் கூட்டமே நம்மை ஏற்றிவிடும்.

அதனால் திரும்பியதற்கு வெட்கப்படாதீர்கள். தனியாக இறங்கினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். குமட்டலோடு, கால் தள்ளாட, கல்லில் தனியாக இறங்குகிறவன் விழுந்தால் யாருக்குத் தெரியும்? மூன்று பேர் போனால் ஒருவனுக்கு முடியாதபோது மூன்று பேரும் திரும்ப வேண்டும், குறைந்தது ஒருவனாவது கூட வர வேண்டும். கேலி செய்கிற அந்த இருவரிடமும் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. ஒருமுறை ஹோட்டன் சமவெளியில் கிரிகல்பொத்தைக்குப் போனேன், போகவர 14 கிலோமீட்டர். பிந்திக் கிளம்பினேன், உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்ற வீம்பு வேறு. திரும்பும்போது மூடுபனி இறங்கி, புல்லுக்குள் பாதை தொலைந்தது. கூட வந்த நண்பன் அவசரப்படாமல் நின்ற இடத்திலேயே நிற்க வைத்ததால் தப்பினேன். முக்கால் மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் அந்தத் "தேயிலை மலை" கேலி. தோட்டத்தில் "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம், அது உங்களுக்கே தெரியும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அட்டைக்கடியோடு அந்தச் சரிவில் நின்றது அம்மா. அவருடைய காலுக்கான பெருமையை நானும் நீங்களும் கடன் வாங்கி நண்பர்களிடம் அளந்துகொண்டிருக்கிறோம், கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மறுபடி போகத்தான் போகிறீர்கள், அது கடிதத்திலேயே தெரிகிறது. குளிர்காலத்தில் போங்கள். முதல்நாளே மேலே போய்க் கூடாரம் போட்டுத் தூங்கி, வெளிச்சம் வந்ததும் நடங்கள், இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம் என்று மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சீசனில் லீவு கிடைத்தால் ஊருக்கு வாருங்கள், நல்லதண்ணிக்குச் சேர்ந்து போவோம். என் முழங்கால் இப்போது இறக்கத்தில் மக்கர் பண்ணுகிறது. பாதியில் ஏதாவது கடையில் உட்கார்ந்துவிடுவேன், நீங்கள் மேலே போய் எனக்கும் சேர்த்து மணியை அடித்துவிட்டு வாருங்கள்.