புலனாய்வு அதிகாரிகள் தினமும் என்ன வேலை செய்வார்கள்? துறைகளுக்குள் தகவல் எப்படிக் கைமாறுகிறது?

கேள்வி கேட்ட தம்பி அட்டன் பக்கம் என்கிறார். படிப்பு முடிந்து புலனாய்வுத் துறையில் சேர ஆசை. படங்களில் வருவது போல இருக்குமா, இத்தனை பிரிவுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று கேட்டிருக்கிறார்.

நான் அந்தத் துறையில் இருந்தவன் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தின் நிர்வாகக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் அவர்களுடைய விசாரணைகளில் ஒரு பகுதி எங்கள் மேசைகளைத் தாண்டித்தான் போகும். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரும்பாலும் அது கோவை வேலை, அதாவது ஃபைல் வேலை. தேயிலைத் தோட்டத்தில் சம்பளப் போராட்டம் என்றால் கூட்டத்தின் ஓரமாக ஒருவர் நிற்பார். யார் பேசினார்கள், ஏறக்குறைய எத்தனை பேர் வந்தார்கள், அடுத்து என்ன செய்யப் போவதாகச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்வார். மாலைக்குள் அது அறிக்கையாக மேலே போக வேண்டும். அரச நியமனம் பெறுபவர்களின் பின்னணி விசாரணை, பத்திரிகை பார்ப்பது, சுவரொட்டி பார்ப்பது எல்லாம் உண்டு. வாகனத்துக்கு ரன்னிங் சார்ட், லீவுப் படிவம், படிக் கொடுப்பனவுக்கு வவுச்சர் என்று எங்களுக்கு இருந்த எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

நிறுவனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரச புலனாய்வுச் சேவை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. இராணுவத்துக்குத் தனியாகப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் பயங்கரவாதத் தடுப்பு மற்றும் விசாரணைப் பிரிவும் பொலிஸைச் சேர்ந்தவை. இவற்றை ஒருங்கிணைக்கத் தேசிய புலனாய்வுப் பிரதானி என்று ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே ஜனாதிபதி தலைமையில் தேசிய பாதுகாப்புச் சபை.

காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. தரையில் எப்படி நடக்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு தோட்டத்துப் பையனுக்கு அரச வேலை கிடைத்தது. நியமனம் உறுதியாகும் முன் விசாரணை. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அதே பிரிவில் அதே பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள இன்னொருவர் இருந்தார். வயதில் மூத்தவர், பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் அவர் மேல் முறைப்பாடு இருந்தது. விசாரிக்க வந்த ஒருவர் ஜீஎஸ்ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், கேட்டார். வேறு பிரிவிலிருந்து வந்தவர் தோட்டத்து ஆபீசில் கேட்டார். மூன்றாமவர் பொலிஸ் நிலையத்துப் பதிவைப் பார்த்தார். மூன்று இடத்திலும் மூன்று விதமான பதில். ஒருவர் வந்து போனது மற்றவருக்குத் தெரியாது. எந்தக் கடிதத்திலும் அடையாள அட்டை இலக்கம் இல்லை.

மாதக்கணக்கில் இழுபட்டது. பையனின் அம்மா ஒருநாள் கொழுந்து எடுக்கப் போகாமல் எங்கள் கந்தோருக்கு வந்து கேட்டார்: "வந்தவுங்க எல்லாம் ஒரே கவுருமெண்டு ஆளுங்கதானே சார், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்களா?" நிர்வாகம் பற்றி நான் கேட்டதில் மிகச் சரியான கேள்வி அதுதான்.

அப்புறம் ஜீஎஸ்தான் அதை முடித்து வைத்தார். அடையாள அட்டை இலக்கம், பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பக்கம் மூன்றையும் சேர்த்து ஒரே கடிதம் தயாரித்தார். பிரதேச செயலாளரின் கையெழுத்தோடு, ஒரே கோவை இலக்கத்தில் மூன்று இடத்துக்கும் அது போனது. மேலே யார் பெயருக்கு என்றும், கீழே எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும் என்றும் தெளிவாக இருந்தது. நியமனமும் உறுதியானது.

ஒரு பையனின் வேலை தள்ளிப் போனதோடு அது முடிந்தது. இதே குறை கொழும்பில் நடந்தபோது உயிர்கள் போயின. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களைத்தான் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. 9ஆம் திகதி தேசிய புலனாய்வுப் பிரதானி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் எழுதினார். அவர் அதைத் தனக்குக் கீழுள்ள உயர் அதிகாரிகளுக்கு அனுப்பினார். 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கடிதம் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போன சனத்துக்கு எதுவும் போகவில்லை. 21ஆம் திகதி 260 பேருக்கு மேல் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எங்கள் பக்கத்து ஆட்கள் மதம் பார்க்காமல் போவார்கள். அன்று மலையகத்தில் வீட்டுக்கு வீடு போனை வைத்துக்கொண்டு பதறினோம்.

அந்த வரிசையைப் பாருங்கள். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தன் கையில் இருந்தது போய்விட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் அதில் எனக்குத் தெரிகிறது. தேசிய பாதுகாப்புச் சபையோ அந்த வருடம் பெப்ரவரிக்குப் பிறகு தாக்குதல் நடக்கும் வரை கூடவே இல்லை என்று பாராளுமன்றத் தெரிவுக்குழு சொன்னது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. பொலிஸ் மா அதிபராக இருந்தவருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்தவருக்கும் தலா 7.5 கோடி. பாதுகாப்புச் செயலாளருக்கு 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானிக்கு 1 கோடி. கடிதம் அனுப்பியதோடு பொறுப்பு முடியாது என்று ஒரு நீதிமன்றம் இவ்வளவு பலமாகச் சொன்னது பெரிய விஷயம். எங்கள் சனம் அதை இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இது இலங்கைக்கு மட்டும் உள்ள நோய் கிடையாது. 2001 செப்டெம்பர் தாக்குதலில் விமானத்தைக் கடத்தியவர்களில் ஒருவரைப் பற்றி அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வுக்கு 2000 ஜனவரியிலேயே தெரியும். கண்காணிப்புப் பட்டியலில் அவருடைய பெயர் ஏறியது 2001 ஓகஸ்ட் கடைசியில்தான். அந்தப் பாடத்துக்குப் பிறகு 2004இல் எல்லாப் பிரிவினரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் ஒரு நிலையத்தை உருவாக்கினார்கள்.

தம்பி, நீங்கள் சேர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் பகுதியில் பொலிஸில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, சொன்னவர் வாசிக்க முடியாமலே கையெழுத்து வைப்பது இன்றும் நடக்கிறது. கொழும்புக்குப் போகும் அறிக்கை அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது. லயத்துக் கதவைத் தட்டி, விஷயத்தை நேராகக் கேட்டு, சரியாக எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் பல வீடுகளில் வீண் பயம் குறையும். அரச புலனாய்வுச் சேவையில் பொலிஸிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அதனால் பொலிஸ் ஆட்சேர்ப்பு வழியையும் பாருங்கள். அறிவித்தல் அரசாங்கம் வெளியிடும் வர்த்தமானியில் வரும், வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். இப்போதிருந்தே சிங்களத்தில் வாசிக்கவும் எழுதவும் பழகிக்கொள்ளுங்கள்.