சுவரோரம் நிற்பவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

அலுவலக ஒன்றுகூடல்களைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நிர்வாகப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்தவள் நான். அங்கே பார்த்த வேலைகளில் மனத்துக்கு மிகவும் பிடித்தது ஒன்றுகூடல்களை ஏற்பாடு செய்யும் பொறுப்புதான். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: அம்மா, எங்கள் அலுவலகத்தில் 45 பேர். ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, பாட்டு, சாப்பாடு என்று பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தேன். வந்தவர்களோ தினமும் பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எங்கே தவறினேன்?

பதில்: மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள் மகளே. கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடிப் போவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. பால் இங்க்ராம், மைக்கேல் மோரிஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில் நிர்வாகிகள் கூடிய விருந்து ஒன்றில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று சிறு மின்னணுக் கருவிகளை வைத்துக் கவனித்தார்கள். புதியவர்களோடு பழகத்தான் வந்தோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள்கூட, ஏற்கெனவே பழகியவர்களையே அதிகம் நாடியிருந்தார்கள். புதியவர்களோடு பழகுவதையே தொழிலுக்கான வழியாக வைத்திருப்பவர்களின் நிலையே இது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் பொறுப்பேற்ற முதல் விழாவும் உங்களுடையதைப் போலவேதான் நடந்தது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் சுவரோரமாக நின்றிருந்தார். கையில் காலிக் காகிதக் கோப்பை. அதன் விளிம்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். விழா முடியும்போது கோப்பை பாதி உயரத்துக்கு வந்திருந்தது. அன்று இரவு வீட்டுக்குப் போனபிறகும் அந்தக் கோப்பைதான் கண்ணில் நின்றது.

சில மாதங்களில் அலுவலகத்தை மேல்மாடிக்கு மாற்றினோம். பிரிவு பார்க்காமல் நான்கு நான்கு பேராகப் பிரித்துப் பெட்டிகளை ஒப்படைத்தேன். அதே மனிதர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, சிக்கிக் கிடந்த கணினி வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். விற்பனைப் பிரிவுப் பெண் ஒருவர் டார்ச் பிடித்தார். இருவரும் ஆறு ஆண்டுகளாக ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். வணக்கம் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. அன்று ஒரு மணி நேரம் ஓயாமல் பேசினார்கள். அவருக்கு ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் உயிர் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் மேடை போடவே இல்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருளை ஆளுக்கொன்று கொண்டு வரச் சொன்னோம்: சுற்றாத மின்விசிறி, பொத்தான் போன சட்டை, கால் ஆடும் முக்காலி. சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர்கள் மூவர் என்று ஒரு மேஜை. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ஊர் மக்களுக்காகத் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ இதே வகைதான். அலுவலகத்துக்கும் அது அழகாகப் பொருந்துகிறது. கண் பொருளின் மேல் இருப்பதால் கூச்சம் குறைகிறது, பேச்சு தானாக வருகிறது.

மேஜைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஒரே உரையாடலில் ஏறக்குறைய நான்கு பேர்தான் நிலைக்க முடியும், ஐந்தாவது ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும் என்று ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் சொல்கிறார். எங்கள் மேஜைகளில் நானே இதைப் பார்த்திருக்கிறேன். யார் எந்த மேஜை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். விருப்பத்துக்கு விட்டால் பழைய கூட்டமே மறுபடியும் கூடிவிடும்.

பிரிவுக்கு எதிராகப் பிரிவு என்று போட்டி வைத்துப் பரிசு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1954-இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டி வைத்தபோது, அவர்கள் பகைவர்களாகவே ஆனார்கள். ஒன்றாகச் சாப்பிட வைத்தும் பகை தீரவில்லை. முகாமின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, இரண்டு அணியும் சேர்ந்தால்தான் தண்ணீர் என்பது போன்ற நெருக்கடிகள் வந்தபிறகுதான் மனம் இளகியது. அந்த நெருக்கடிகளை ஏற்படுத்தியவரும் ஷெரீஃப்தான்.

கேள்வி: ஐந்து நிமிடமாவது எல்லோரும் மேடையேறி ஆட வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கை கால் நடுங்குகிறது. விடுப்பு எடுத்துவிடட்டுமா?

பதில்: விடுப்பு வேண்டாம் தம்பி. ஏற்பாட்டாளரிடம் இரண்டு நாள் முன்பே போய், “ஆட முடியாது, வேறு வேலை இருந்தால் கொடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். புகைப்படம் எடுப்பது, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது என்று ஏதாவது இருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவருக்குக் கையில் ஒரு பொறுப்பு இருப்பது பெரிய துணை. இதைப் படிக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் சொல்கிறேன்: ஒருவரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்காதீர்கள். பத்துப் பேர் சிரிப்பதற்காக ஒருவர் கூனிக் குறுகுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

கேள்வி: கைக்குழந்தைக்காரி நான். ஒன்றுகூடலை எப்போதும் சனிக்கிழமை மாலையில்தான் வைக்கிறார்கள். வராவிட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. அலுவலகத்துக்காக நடக்கும் கூடுகைக்கு அலுவலக நேரம்தான் முறை. வேலை நாள் ஒன்றில் பிற்பகல் ஒன்றரை மணி நேரம் போதும். குழந்தை உள்ளவர்கள், தொலைவிலிருந்து வருகிறவர்கள், வீட்டில் முதியவர்களைக் கவனிப்பவர்கள் பெயரையெல்லாம் சேர்த்து ஒரே கடிதமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் அது உங்கள் குறையாகத் தெரியும்.

கேள்வி: எங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். திரை வழியே கூடினால் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள்.

பதில்: முப்பது முகம் தெரியும் திரையில் யார்தான் வாய் திறப்பார்கள்! மூன்று மூன்று பேராகப் பிரித்து 20 நிமிடம் பேச விடுங்கள். “உங்கள் மேஜையில் இருக்கும் மிகப் பழைய பொருளைக் காட்டுங்கள்” என்று ஒரு தூண்டுதல் போதும். ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சந்திக்க வழி செய்யுங்கள்.

கேள்வி: மேலாளர் வந்தால் எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள். அவரை அழைக்காமல் இருக்கலாமா?

பதில்: அழையுங்கள், ஆனால் உரையாற்றச் சொல்லாதீர்கள். வெவ்வேறு தரப்பினரிடையே இணக்கம் வளர வேண்டுமானால் சம அந்தஸ்தும் பொதுவான குறிக்கோளும் வேண்டும் என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதினார். மேலாளரும் சீட்டு எடுக்கட்டும்; விழுந்த மேஜையில் உட்காரட்டும்.

எங்கள் மேலாளருக்கு ஒரு முறை துப்புரவுப் பணியாளரின் மேஜை விழுந்தது. பொத்தான் தைக்க அந்த அம்மாதான் கற்றுக்கொடுத்தார். ஊசியில் நூல் கோக்க அவருக்கு மூன்று முறை தவறியது. “நுனியை நனைத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று சொல்லி ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார் அந்த அம்மா. மறுநாள் மேலாளர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, முதல் வேலையாக அவரிடம் போய்ப் பொத்தானைக் காட்டினார்.