வட கொரியத் தலைவர் திடீரென இறந்தால் அணு ஆயுதப் பேச்சுவார்த்தை என்ன ஆகும்?

முறிந்துபோகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதுவரை இரண்டு முறை தலைவர் இறந்திருக்கிறார், இரண்டு முறையும் பேச்சு மறுபடி தொடங்கியது.

1994 ஜூலை 8 அன்று ஜெனீவாவில் அமெரிக்காவும் வட கொரியாவும் பேச உட்கார்ந்தன. அதே நாளில் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் இறந்தார். முந்தைய மாதம்தான் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போய் அவரை நேரில் பார்த்து, போர் மூளும் நிலையைத் தணித்திருந்தார். பேச்சு நின்றது. ஆனால் ஆகஸ்டிலேயே தொடர்ந்தது, அக்டோபர் 21 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: வட கொரியா தன் யோங்பியோன் அணு உலையை முடக்க வேண்டும், பதிலுக்கு மின்சாரத்துக்காக இரண்டு மென்னீர் உலைகளும் (ஆயுதம் செய்யப் பயன்படுத்தக் கடினமானவை) ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரி எண்ணெயும். மகன் கிம் ஜோங் இல் பல ஆண்டுகளாக வாரிசாகத் தயார் செய்யப்பட்டவர் என்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பேன்.

2011 டிசம்பர் 17 அன்று அவரும் இறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது இரண்டு நாள் கழித்து, கறுப்பு உடையில் வந்த செய்தி வாசிப்பாளர் சொல்லித்தான். சரி, அப்புறம்? 2012 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவுடன் புதிய உடன்பாடு அறிவிக்கப்பட்டது: அணு, நெடுந்தூர ஏவுகணைச் சோதனைகளை நிறுத்தினால் 2.4 லட்சம் டன் உணவு உதவி. ஏப்ரல் 13 அன்று வட கொரியா ராக்கெட் ஏவியது. ராக்கெட் விழுந்தது, இது உடன்பாட்டு மீறல் என்று அமெரிக்கா சொன்னது, உதவி ரத்தானது. பசித்த குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் போக வேண்டிய உணவு அது. இதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

என் கவலை இப்போது வேறு. வட கொரியா 2022இல் இயற்றிய சட்டப்படி, தலைவர் கையில் உள்ள அணு ஆயுதக் கட்டளை அமைப்பு எதிரியால் தாக்கப்பட்டால் பதிலடி தானாகவே பாயும். தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்ற வதந்தியே இனி ஆபத்தாகலாம்.