வாங்குமுன் கேளுங்கள்: கையடக்க ஹை-ஃபை மியூசிக் பிளேயர்

இயர்போன் பற்றி எழுதியதிலிருந்து பிளேயர் பற்றிய கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. செல்போன் கையில் இருக்கும்போது பாட்டுக்கென்று தனிக் கருவி எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், வாங்கி ஏமாந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

35 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபியோ, ஹைபி, ஷான்லிங், சோனி எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். செல்போனில் கேட்பதைவிட உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?
(கல்லூரி மாணவர், ஃபேர்லேண்ட்ஸ்)

உங்களிடம் இருக்கும் இயர்போன் எது என்று எழுதவே இல்லையே தம்பி. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்கும் ஒலியின் குணத்தில் பெரும்பங்கு இயர்போனுடையது. அது காதில் காற்றுப் புகாமல் பொருந்துகிறதா என்பது அடுத்தது. பாட்டை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பது அதற்கும் அடுத்தது. பிளேயர் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். சுமாரான இயர்போன் வைத்திருந்தால் பணத்தின் பெரும்பகுதியை அதற்குக் கொடுங்கள்.

செல்போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி துளையில் செருகும் டாங்கிள் ஒன்று வாங்கிப் பாருங்கள். விரல் நீளம்தான் இருக்கும். டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் டாக் சிப்பும், அதை வலுவாக்கும் சின்ன ஆம்பும் அதற்குள்ளேயே உண்டு. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் நல்ல டாங்கிளுக்கும் பெரிய பிளேயருக்கும், சாதாரண இயர்போனில் கேட்டால், வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 300 ஓம் ஹெட்போன் போல அதிக வோல்டேஜ் கேட்கும் ஒன்றை வைத்திருந்தால் கதை வேறு. அதற்கு வலுவான ஆம்ப் வேண்டும்.

பிளேயர்தான் என்று முடிவு செய்துவிட்டால், விளம்பரத்தில் பெரிதாகப் போடாத ஓர் எண்ணைத் தேடிப் பாருங்கள்: அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது பிளேயரின் ஹெட்போன் துளைப் பக்கம் உள்ள மின்தடை. ஓம் கணக்கில் சொல்வார்கள். இயர்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அது போகக் கூடாது. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள். கூடினால், பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (உள்ளே சின்ன உலோக நாக்கு அசைந்து ஒலி எழுப்பும்) வகை இயர்போன்களில் பாட்டின் நிறமே மாறும். ஒன்று கீழ்ச்சத்தம் மெலியும், இல்லாவிட்டால் மேல்சத்தம் குத்தும். அப்புறம், பாட்டு எதுவும் ஓடாதபோது காதில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் பவரிலேயே உரக்க ஒலிக்கும் இயர்போனில் அது தொல்லை.

கடையில் கேட்கும்போது உங்கள் இயர்போன், உங்கள் பாட்டு இரண்டையும் கொண்டுபோங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்த அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவதுதான் யார் காதுக்கும் 'நல்லது' என்று தோன்றும். விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கூட வரும் நண்பர் நீங்கள் பார்க்காமல் கருவியை மாற்றிச் செருகட்டும். எது எது என்று சொல்ல முடியவில்லையா, விலை குறைந்ததை வாங்குங்கள்.

200 மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் பிளேயரின் உண்மையான சத்தம் வரும், அதுவரை குறை சொல்லாதீர்கள் என்கிறார் விற்றவர். சரியா?
(வாசகர், சூரமங்கலம்)

இரவு பகலாக ஓடவிட்டாலும் 200 மணி நேரம் என்பது எட்டு நாளுக்கு மேல். அதற்குள் மாற்றித் தரும் கெடு முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.

24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் பிளேயர் ஒன்று, 32 பிட் 768 கிலோஹெர்ட்ஸ் பிளேயர் ஒன்று. இரண்டாவது 12 ஆயிரம் ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா?
(வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி)

வேண்டாம். இந்த எண் வியாபாரம் பற்றி நெடுநாளாக எழுத நினைத்தது, இதோ உங்கள் கடிதத்தைச் சாக்காக வைத்து எழுதுகிறேன்.

1982-இல் சிடி வந்தபோது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று அளவு வைத்தார்கள். ஏதோ வாய்க்கு வந்த எண் அல்ல அது. ஒலியை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளந்து மாதிரி எடுக்கிறோமோ (44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 44,100 முறை), அதில் பாதி அலைவரிசை வரை உள்ள ஒலியை அப்படியே திரும்பப் பெறலாம். 44.1-இல் பாதி ஏறத்தாழ 22. மனிதக் காது இளமையில் கேட்பதே 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற அதுவும் குறையும். 16 பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தரும். ஐந்து ரோட்டு வண்டிச் சத்தத்தில் நின்று கேட்பவரை விடுங்கள், நள்ளிரவில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பவருக்கும் அது தாராளம். 24 பிட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படும், ஒலிகளைக் கலவை செய்பவருக்கு அளவை ஏற்றி இறக்க இடம் வேண்டும் என்பதால். 32 பிட்டுக்குக் கணக்குப்படி 192 டெசிபல் வரும். மின்சுற்றில் இயல்பாகவே எழும் இரைச்சலுக்குக் கீழே போய்விடும் அளவு அது. எந்த பிளேயரும் அதைக் காதுக்குக் கொண்டுவராது. பெட்டியில் அச்சடிக்க மட்டுமே உதவும்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது பழைய பாடல்களை 'ஹை-ரெஸ்' (சிடியைவிட உயர்ந்த தரம்) என்று விற்பதைப் பார்க்கும்போது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காத சேலத்துக்காரர் உண்டா? டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய சினிமா நிறுவனம். அந்தக் காலத்துப் படங்களில் ஒலி, ஃபிலிம் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்திருந்தது. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் உருப்படியாக எதுவும் தேறாது. அந்தப் பாடல்களின் அருமை குரலில் இருக்கிறது, மெட்டில் இருக்கிறது. அவற்றை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் போட்டு மூன்று மடங்கு விலை வைப்பது அந்தப் பாட்டுக்கும் கேட்பவருக்கும் செய்யும் அநியாயம்.

நானும் அப்படி ஒரு தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கியவன். ஸ்பெக்ட்ரம் (எந்த அலைவரிசை வரை ஒலி இருக்கிறது என்ற படம்) காட்டும் இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினாற்போல் படம் நின்றது. மேல் அலைவரிசைகளை வெட்டிச் சுருக்கிய பழைய எம்பி3 கோப்பையே எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றி விற்றிருந்தார்கள். கேட்டதற்குப் பதிலும் இல்லை, பணமும் இல்லை. ஆடாசிட்டி போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பாட்டு வாங்கி, திறந்து பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

அந்த 12 ஆயிரத்தை நல்ல பதிப்பைத் தேடிச் செலவழியுங்கள். ஒரே ஆல்பத்தின் பழைய சிடியையும் புதிதாக 'ரீமாஸ்டர்' செய்ததையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். புதியதில் மெல்லிய இடங்களையும் உரக்க ஏற்றி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக ஆக்கியிருப்பார்கள், பல ஆல்பங்களில். அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியும்.

தள்ளுபடி முடிய பத்து நிமிடம் இருந்ததால் அவசரமாக பிளேயரை ஆர்டர் செய்தேன். அதில் 3.5 மி.மீ துளை மட்டும்தான் இருக்கிறது. என் இயர்போன் 4.4. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
(வாசகர், ஓமலூர்)

எதற்கு? துளையின் அளவை விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். படிக்காதது நீங்கள். 4.4 இயர்போனை 3.5 துளையில் செருகும் அடாப்டர் கிடைக்கும், அதில் ஆபத்தில்லை. தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். 3.5 இயர்போனை 4.4 பேலன்ஸ்டு (இடது, வலது இரண்டுக்கும் பொதுக் கம்பி இல்லாத) துளையில் கண்ட அடாப்டரைப் போட்டுச் செருகினால் ஆம்ப் ஷார்ட் ஆகிக் கெட்டுப்போகலாம். அதையாவது படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 28 ஆயிரம் கொடுத்து, சென்னையிலுள்ள ஒரு கடையிடம் ஆன்லைனில் பிளேயர் வாங்கினேன். வந்த மூன்றாம் நாளே இடது பக்கம் சத்தம் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரே இல்லை. கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் இது இந்தியாவுக்கு வந்த சரக்கே இல்லை என்கிறார்கள். கடைக்காரர், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்.
(ஆத்தூர்)

அம்மா, உங்கள்மீது ஒரு குற்றமும் இல்லை. பில் வாங்கியிருக்கிறீர்கள், பெட்டியையும் வைத்திருக்கிறீர்கள். இனி பயப்பட வேண்டியவர் அவர்தான்.

பில்லில் அச்சடித்த அந்த வாசகத்துக்கு மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆன்லைனில் விற்பவர் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதையும் காட்ட வேண்டும்.

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கெடு கொடுங்கள். பழுதைக் காட்டும் வீடியோ, பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், சர்வீஸ் ஆட்கள் சொன்னதன் நகல் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டம் கொடுத்த பெரிய வசதி. உங்களுக்குச் சேலம் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மனு எழுதும்போது சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பில் போட்டால் வரி கூடும் என்கிறார்கள். பில் இல்லாமல் வாங்கினால் 4 ஆயிரம் மிச்சம். வாங்கலாமா?
(வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

கூடாது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை. பாதி இடத்தில் செல்போன் சிக்னல் இல்லை. நடக்கும்போது பாட்டுக் கேட்க பிளேயர் வாங்குவது வீண் செலவா?
(தோட்ட மேற்பார்வையாளர்)

வீண் செலவு இல்லை. பிளேயர் யாருக்குத் தேவை என்று கேட்டால் உங்களைத்தான் காட்டுவேன். ஆண்ட்ராய்டு, வைஃபை, பெரிய திரை எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். பாக்கெட்டுக்குள் கை விட்டே பாட்டை மாற்ற, வெளியே பொத்தான்கள் உள்ளதாக, மெமரி கார்டு போடக்கூடியதாக, சின்னதாக ஒன்று போதும். சிடி தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு ஃபிளாக்காக ஏறத்தாழ 350 எம்பி பிடிக்கும். 256 ஜிபி கார்டில் 700 மணி நேரம் வரை அடங்கும்.

கார்டு வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். 1 டிபி என்று 600, 700 ரூபாய்க்கு விற்பவை போலி. உள்ளே இருப்பது 32 ஜிபி அளவு, வெளியே காட்டுவது 1 டிபி. நிரம்பியதும் பழைய பாட்டின்மேல் புதியதை எழுதிவிடும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளில் கார்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகே பாட்டை ஏற்றுங்கள். மழை, பனிக்காலங்களில் இரவில் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சேலத்துக்கு இறங்கும் நாளில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், பேட்டரி ஆயுள் போகும்.

வெள்ளிக் கேபிள் மாற்றினால் சத்தம் இனிமையாகுமா?
(வாசகர், குகை)

ஆகாது. வெள்ளி செம்பைவிடக் கொஞ்சம் நன்றாக மின்சாரம் கடத்தும், ஒரு மீட்டர் நீளத்தில் அது காதுக்கு எட்டாது. என் மேஜை இழுப்பறையில் ஒன்று கிடக்கிறது. அந்த விலைக்கு நல்ல இயர்போன் வந்திருக்கும்.

பழைய பிளேயர் பாதி விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?
(வாசகர், மேட்டூர்)

பேட்டரி. திரை ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது, தொடாதீர்கள். எனக்கு அப்படித்தான் ஒன்று வந்தது. மாற்ற பேட்டரியும் கிடைக்கவில்லை, அதைத் திறக்கத் துணியும் கடையும் இல்லை. ஆண்ட்ராய்டு பிளேயராக இருந்தால் நீங்கள் கேட்கும் பாட்டு ஆப் அதன் பழைய பதிப்பில் ஓடுகிறதா என்று கண்முன்னே நிறுவிப் பாருங்கள். இயர்போனைச் செருகித் திருகுங்கள். கரகரப்பு வந்தால் துளை தேய்ந்துவிட்டது.

விசைத்தறியில் வேலை செய்கிறேன். தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்கும் அளவுக்குப் பவர் உள்ள பிளேயர் எது?
(அம்மாப்பேட்டை)

அண்ணா, தயவுசெய்து இதை வாங்காதீர்கள். தறிக்கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதை மீறிப் பாட்டு வைத்தால் காதுக்குள் அதைவிடக் கூடுதல் சத்தம் போகும். உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். தறிச் சத்தமே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறது. போன செவித்திறன் திரும்பி வராது. பிளேயருக்கு வைத்திருக்கும் பணத்தில் நூறு ரூபாய்க்குள் ஃபோம் காதடைப்பான் வாங்கி வேலை நேரத்தில் போடுங்கள். ஓனரிடம் எல்லோருக்கும் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாட்டை வீட்டுக்கு வந்து, மெதுவான சத்தத்தில் கேளுங்கள். அதற்கு இருக்கும் செல்போனே போதும்.

ப்ளூடூத் இயர்போன் மட்டுமே பயன்படுத்துவேன். 40 ஆயிரத்துக்குள் நல்ல பிளேயர் சொல்லுங்கள்.
(வாசகர், நான்கு ரோடு)

எதுவும் வேண்டாம். ப்ளூடூத்தில் கேட்கும்போது வேலை செய்வது இயர்போனுக்குள் இருக்கும் டாக் சிப்பும் ஆம்பும்தான். நீங்கள் 40 ஆயிரம் கொடுத்து வாங்கும் பிளேயருக்குள் இருப்பவை சும்மா கிடக்கும்.